29-ஆம் எண் பெட்டி

பெட்டி கிளம்புவதற்குச் சில மாதங்கள் முன்பே எதிர்த்திசையில் ஒரு கட்டு போய்ச் சேர்ந்திருந்தது.

1911-இல் ஆஸ்திரேலிய அரசு உலகத்தின் பல நகரங்களுக்கு அந்தக் கட்டுகளை அனுப்பியது. உள்ளே மொலாங்லோ என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கின் வரைபடம் இருந்தது. மேட்டையும் பள்ளத்தையும் சம உயரக் கோடுகளால் அளந்து காட்டிய வரைபடம். மண், மழை, காற்று பற்றிய அறிக்கைகள் இருந்தன. குன்றின் மேல் நின்று ஒரு முழுச் சுற்றுத் திரும்பினால் கண்ணில் படுவதையெல்லாம் நீளவாக்கில் தீட்டிய வண்ணப் படங்களின் பிரதிகளும் இருந்தன. நிலத்தை அளந்தவர் சார்லஸ் ஸ்க்ரிவனர். படம் தீட்டியவர் ராபர்ட் சார்லஸ் கோல்ட்டர். இந்த இடத்தில் ஒரு தலைநகரம் வேண்டும், வடிவமைத்துத் தாருங்கள் என்று போட்டி அறிவித்தார்கள். அந்த நகரத்துக்கு அப்போது பெயரே இல்லை.

1901-இல் ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றுசேர்ந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி ஆனபோது, தலைநகரம் சிட்னியா மெல்பர்னா என்ற பூசல் தீரவில்லை. நியூ சவுத் வேல்ஸுக்குள் இருக்கட்டும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தூரத்தில் இருக்கட்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். தேடித் தேடி 1908-இல் யாஸ்–கான்பரா வட்டாரத்தைத் தேர்ந்தார்கள். ஆட்டுப் பண்ணைகள் பரந்த புல்வெளி அது. அதற்கும் முன்னால் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நுன்னவால் மக்கள் நடந்த மண். வரைபடத்தில் ஒவ்வொரு மேடும் பள்ளமும் இருந்தது, அந்த மக்கள் இல்லை. பின்னால் நான் சொல்லப்போகும் அழகையெல்லாம் இந்தக் குறையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கட்டுகள் போய்ச் சேர்ந்த நகரங்களில் சிகாகோவும் ஒன்று. அங்கே புதிதாகக் கல்யாணமான ஒரு தம்பதி இருந்தார்கள். இருவரும் கட்டடக்கலைஞர்கள். வால்ட்டர் பர்லி கிரிஃபினுக்கு வயது 34. மரியன் மஹோனிக்கு 40.

மரியனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1894-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலைப் பட்டம் வாங்கியவர். அந்தக் கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது பெண். இல்லினாய் மாநிலத்தில் பெண்ணொருத்தி உரிமம் பெற்றுக் கட்டடக்கலைத் தொழில் செய்யலாம் என்று காட்டிய முதல் வரிசையில் நின்றவர். முதலில் தன் உறவினர் டுவைட் பெர்க்கின்ஸிடம் வேலை பார்த்தார். பிறகு 1895-இலிருந்து பதினான்கு ஆண்டுகள், விட்டு விட்டு, ஃபிராங்க் லாய்டு ரைட்டின் அலுவலகத்தில். 1910-இல் பெர்லினில் ரைட்டின் பெயரில் ஒரு பெரிய ஓவியத் தொகுப்பு வெளியானது. ஐரோப்பாவின் இளம் கட்டடக்கலைஞர்கள் ரைட்டைத் தெரிந்துகொண்டது அதன் வழியாகத்தான். அந்தப் படங்களில் ஏறத்தாழப் பாதி மரியன் கை. கட்டடத்தின் மேல் மரக்கிளை படர்ந்து இறங்கும், இலைகள் ஜப்பானிய மரப்பாள அச்சுப் படங்களில் போலத் தட்டையாக, கூர்மையாக நிற்கும், பாதித் தாள் வெறுமையாக மூச்சுவிடும். அந்தப் பாணியை இன்றும் பலர் ரைட்டின் பாணி என்றே சொல்கிறார்கள். வரைந்தவர் பெயரைச் சொல்லாமல் படத்தைப் பாராட்டும் வழக்கம் எனக்கு எப்போதும் உறுத்தும்.

வால்ட்டரும் அதே அலுவலகத்தில்தான் இருந்தார், 1901 முதல். அமைதியானவர், செடி கொடிகளில் ஆசை, நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர். 1905-இல் ரைட் ஜப்பான் போனபோது வால்ட்டரிடம் கடன் வாங்கினார். திரும்பி வந்து கடனைப் பணமாக அடைக்காமல் ஜப்பானிய அச்சுப் படங்களாகக் கொடுத்தார். மனம் கசந்து, அடுத்த ஆண்டு வால்ட்டர் தனியே தொழில் தொடங்கினார். 1909-இல் ரைட் குடும்பத்தையும் அலுவலகத்தையும் விட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற வேலைகளை ஹெர்மன் ஃபான் ஹோல்ஸ்ட் என்பவர் ஏற்றுக்கொண்டார். வடிவமைப்பில் தன் சொல்லே இறுதி என்ற நிபந்தனையோடு மரியன் அவரிடம் சேர்ந்தார். டிகேட்டர் ஊரில் தான் வடிவமைத்த வீடுகளுக்குத் தோட்டமும் நிலமும் அமைத்துத் தர மரியன் வால்ட்டரை அழைத்தார். வேலை சேர்த்துவைத்தது, படகு நெருக்கமாக்கியது. இருவரும் விடுமுறை நாட்களில் சிறு படகை எடுத்துக்கொண்டு இல்லினாய் ஆறுகளில் துடுப்புப் போட்டுத் திரிந்தார்கள். 1911 ஜூன் 29 அன்று கல்யாணம்.

போட்டிக் கட்டு வந்த பிறகும் வால்ட்டர் தொடங்கவில்லை. மனத்துக்குள் நகரத்தைக் கட்டிக்கொண்டே இருந்தார், தாளில் இறக்கவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் மரியன் கெடு வைத்தார். இன்றே ஆரம்பிக்காவிட்டால் இதில் நான் பென்சிலைத் தொடமாட்டேன் என்று கணவரிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பிறகு ஒன்பது வாரம். ராய் லிப்பின்காட் போன்ற இளைஞர்கள் உடன் உட்கார்ந்தார்கள்.

ஏறக்குறைய அதே நாட்களில், 1911 டிசம்பர் 12 அன்று, டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் இந்தியாவின் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புது டெல்லிக்குப் போட்டி கிடையாது. கட்டடக்கலைஞர்கள் லட்யன்ஸையும் பேக்கரையும் அழைத்து வேலையைக் கொடுத்தார்கள். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு தலைநகரங்கள் ஒரே குளிர்காலத்தில் கருக்கொண்டன. ஒன்றை வெறும் அறிவிப்புப் பார்த்து யாரோ ஒருவர் ஒரு வாடகை அறையில் வரையலாம் என்றிருந்தது.

வரைந்த பொருள் காகிதம் அல்ல, துணி. மையும் நீர்வண்ணமும் ஏற்ற துணி. கான்பராவின் தளவரைபடத்தை ஸ்க்ரிவனரின் சம உயரக் கோடுகளின் மேலேயே பொருத்தினார்கள். அதனால் எந்தத் தெரு எந்த மேட்டில் ஏறும், எந்தச் சரிவில் இறங்கும் என்பது கோடு கோடாகத் தெரியும். வால்ட்டரின் கண் மலைகளைப் பிடித்துக்கொண்டது. வடக்கே ஐன்ஸ்லி மலையிலிருந்து தெற்கே தொலைவில் பிம்பெரி சிகரம் வரை ஒரு நேர்க்கோடு இழுத்தார், அது நில அச்சு. மேற்கே கறுப்பு மலை எனப்படும் பிளாக் மவுண்டனிலிருந்து அதற்குக் குறுக்கே இன்னொன்று, அது நீர் அச்சு. சிற்றாறைத் தடுத்து அந்தக் குறுக்குக் கோட்டில் ஏரிகள். கோடுகள் வெட்டும் வட்டாரத்தில் மூன்று பெருஞ்சாலைகள் சேர்ந்து ஒரு முக்கோணம், அதற்குள் அரசாங்கம். மலையைக் குடைந்து சமப்படுத்தி நகரம் அமைப்பவர்கள் உண்டு. இவர் மலையைத் தூணாக வைத்துக்கொண்டு நகரத்தைக் கட்டினார்.

ஆனால் இதைக் கோடாகக் காட்டினால் போதாது. உலகெங்குமிருந்து வரும் படங்களுக்கு நடுவே ஒரு நடுவர் நின்று பார்க்கும்போது அந்த மண்ணின் மணம் அவருக்கு வர வேண்டும். அதைச் செய்தவர் மரியன். ஐன்ஸ்லி மலையுச்சியில் நின்று தெற்கே பார்த்தால் நகரம் எப்படித் தெரியும் என்பதை மூன்று பலகங்களாக, தங்கமும் தவிட்டு நிறமும் கலந்த சாயலில் தீட்டினார். கீழே மரங்கள், நடுவே நீர், நீருக்கு அப்பால் அரசுக் கட்டடங்களின் படிவரிசை, அதற்கும் மேலே குர்ராஜாங் குன்றில் படிப்படியாக உயரும் ஒரு கோபுரம், பின்னால் மலைத்தொடர். அந்தக் கோபுரம் நாடாளுமன்றம் அல்ல. நாடாளுமன்றத்தைக் கொஞ்சம் தாழ வைத்துவிட்டு, உச்சியில் மக்கள் கூடுவதற்கும் நாட்டின் நினைவுகளைச் சேர்த்துவைப்பதற்கும் ஒரு மண்டபம் என்று வால்ட்டர் எண்ணியிருந்தார். ஆட்சியாளர்களுக்கு மேலே மக்கள். ஏரிக்கரையின் குறுக்குவெட்டுத் தோற்றங்களையும் மரியன் வரைந்தார். அகலம் நீண்டுகொண்டே போக, உயரம் ஒரு சாண் இருக்குமோ என்று தோன்றும் பட்டைப் படங்கள். சமவெளியின் நீளத்தை வேறெப்படிச் சொல்வது?

இருவரில் ஒருவர்கூட அந்த ஐன்ஸ்லி மலையைப் பார்த்ததில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கோல்ட்டர் தாழ்ந்த குன்றிலிருந்து தீட்டிய படம் கடல் கடந்து வந்தது. அதையும் கோடுகளையும் சேர்த்துவைத்து, மரியன் மனத்தாலேயே மலை ஏறினார்.

முடிந்தபோது கப்பலுக்கு நேரமில்லை. அந்த இரவை மரியன் எழுதியிருக்கிறார். எலும்பைக் குத்தும் குளிர், நள்ளிரவு நெருங்குகிறது. படங்களை வைத்த பெட்டி வாடகைக் காருக்குள் அடங்காத நீளம். கதவுகளைத் திறந்தபடியே, மேல்கோட்டுகூடப் போட்டுக்கொள்ள நேரமில்லாத ஆட்கள் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, கார் ஊருக்குக் குறுக்கே பறந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கடைசிக் கப்பலைப் பிடிக்கக்கூடிய கடைசி ரயில் அது. பெட்டி ஏறியது.

முதலில் 1912 ஜனவரி 31 என்றிருந்த கடைசி நாளைப் பிறகு பிப்ரவரி இறுதிவரை நீட்டியிருந்தார்கள். மொத்தம் 137 வடிவங்கள் வந்து சேர்ந்தன. அப்போது அரசு நடந்த இடம் மெல்பர்ன், பெட்டிகள் அங்கேதான் திறக்கப்பட்டன. பெயர் தெரியக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். சிகாகோ பெட்டிக்குக் கிடைத்தது 29. பிரிட்டனின் கட்டடக்கலைஞர் கழகம் போட்டியைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது. இறுதி முடிவு கட்டடக்கலைஞர் அல்லாத ஓர் அமைச்சர் கையில் இருக்கிறது என்பது அவர்கள் மனக்குறை. அந்த அமைச்சர் கிங் ஓ'மாலி. மூன்று பேர் நடுவர் குழுவில் இரண்டு பேர் 29-ஐத் தேர்ந்தார்கள். தலைவர் கோன் மட்டும் சிட்னியைச் சேர்ந்த மூவரின் வடிவத்தை விரும்பினார். அந்த மூவரில் ஒருவர் கோல்ட்டர். நிலத்தில் நின்று தீட்டியவரை, அவர் படத்தை மட்டும் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். 1912 மே 23 அன்று முடிவு வெளியானது. முதல் பரிசு 1,750 பவுண்டு. இரண்டாவது பின்லாந்தின் எலியல் சாரினென், மூன்றாவது பிரான்சின் ஆல்ஃபிரெட் அகாஷ். வென்றவராக உலகம் படித்த பெயர் ஒன்றே ஒன்று: வால்ட்டர் பர்லி கிரிஃபின்.

அதன் பிறகு பெட்டி பட்ட பாடு வேறு. பரிசு பெற்ற படங்கள் அரசின் சொத்து என்பது போட்டி விதி. அந்த உரிமையை வைத்துக்கொண்டு துறை அதிகாரிகளின் குழு ஒன்று பல வடிவங்களிலிருந்து பிய்த்து ஒட்டி 1912 இறுதிக்குள் தன் சொந்தத் திட்டத்தைத் தயாரித்தது. 1913 மார்ச் 12 அன்று விழா நடந்தது, தலைமை ஆளுநரின் மனைவி லேடி டென்மன் கான்பரா என்று பெயர் சூட்டினார். ஆனால் கட்டப்போவதாகச் சொன்னது 29-ஆம் எண்ணை அல்ல. அந்த ஆண்டு ஆட்சி மாறியது, புதிய அரசு வால்ட்டரை அழைத்தது. ஆகஸ்டில் வந்து நிலத்தைக் கண்ணால் பார்த்தார். அக்டோபரில் தலைநகர வடிவமைப்பு, கட்டுமான இயக்குநராகப் பொறுப்பேற்றார். மரியன் 1914-இல் வந்து சேர்ந்தார்.

ஏழு ஆண்டு இழுபறி. கோப்புகள் தரப்படவில்லை, கணக்குகள் தவறாகத் தரப்பட்டன. 1916–17-இல் நடந்த அரச விசாரணை ஆணையம் அதிகாரிகள் அவருக்கு முட்டுக்கட்டை போட்டதை உறுதிசெய்தது. போர்க்காலத்தில் பணமும் இல்லை. 1920 முடிவில் வால்ட்டர் கான்பராவை விட்டார். அவர் திட்டத்தின் சாலைகள் 1925-இல் அரசிதழில் ஏறின. 1927-இல் தற்காலிக நாடாளுமன்றம் ஒன்று நில அச்சின் மேலேயே எழுந்தது. ஏரி இல்லை, கோபுரம் இல்லை. நகரத்தைவிட அதிகமாகப் புல்தான் இருந்தது. துணிப் படங்கள் அரசின் கிடங்கில் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன.

தம்பதி இருவரும் சும்மா இருக்கவில்லை. மெல்பர்னில் பளிங்குக் குகைபோலக் கூரை ஒளிரும் கேபிடால் திரையரங்கம், நியூமன் கல்லூரி, சிட்னியில் பாறையோடும் மரத்தோடும் ஒட்டிக் கட்டிய காசில்கிராக் குடியிருப்பு, பிறகு பொருளாதார மந்த காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் குப்பை எரிக்கும் ஆலைகள்கூட. அந்த எரி ஆலைகளையும் கோயில்போல் கட்டினார்கள் என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிப் போக மனமில்லைதான்.

1935-இல் லக்னோவிலிருந்து அழைப்பு வந்தது, பல்கலைக்கழக நூலகம் வடிவமைக்க. போன வால்ட்டருக்கு இந்தியா பிடித்துப்போனது. அடுத்த ஆண்டு மரியனும் வந்து அலுவலகத்தில் உட்கார்ந்தார். பயோனியர் நாளிதழுக்கு அச்சகம், மஹ்மூதாபாத் ராஜாவுக்கு நூலகம், 1936–37 ஐக்கிய மாகாணத் தொழில், வேளாண் பொருட்காட்சிக்கு வளாகம் என்று ஓராண்டுக்குள் வேலை குவிந்தது. சிகாகோவின் அந்த ஒன்பது வாரம் மறுபடி நடப்பதுபோல. 1937 பிப்ரவரி 11 அன்று, பித்தப்பை அறுவைக்குப் பின் ஏற்பட்ட தொற்றில் வால்ட்டர் லக்னோவில் இறந்தார். வயது 60. அங்கேயே கிறித்தவக் கல்லறையில் புதைத்தார்கள். 1988 வரை அந்தக் கல்லறைக்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

மரியன் சிகாகோ திரும்பி எழுத உட்கார்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தட்டச்சுப் பக்கங்கள், நூற்றுக்கணக்கான படங்கள், நான்கு பாகங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு போரின் பெயர் வைத்தார். காருக்குள் அடங்காத பெட்டி அதில்தான் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை யாரும் அதைப் புத்தகமாக்கவில்லை. அதில் அவர் தன்னைப் பற்றிப் பேசுவதைவிடக் கணவரைப் பற்றியே அதிகம் பேசுகிறார். நகரம் அவருடையது, தன் கை வெறும் உதவி என்பதுபோல. இந்த ஒரு விஷயத்தில் மரியன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கோடு போட்டவர் ஒருவர், அந்தக் கோட்டை நம்பவைத்தவர் இன்னொருவர். நம்பாமல் யார் ஒரு நாட்டின் தலைநகரைத் தூக்கிக் கொடுப்பார்கள்? கூட்டுத் தொழில் என்பது கதவில் இரண்டு பெயர் எழுதுவது மட்டுமல்ல. 1961 ஆகஸ்ட் 10 அன்று, 90 வயதில், வறுமையில் அவர் சிகாகோவில் இறந்தார்.

அப்போது கான்பராவில் மறுபடி மண் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். 1950-களின் நடுவில் செனட் குழு ஒன்று தலைநகர் தேங்கிக் கிடப்பதை விசாரித்தது. 1958-இல் புதிய வளர்ச்சி ஆணையம் அமைந்தது. பழைய திட்டம் மேசைக்கு வந்தது. மொலாங்லோவுக்குக் குறுக்கே கட்டிய அணையின் மதகுகள் 1963-இல் மூடின. மழை பொய்த்தது. ஆற்றில் நீரில்லாமல் ஏரிப்படுகை காய்ந்து கிடந்தது. 1964-இல் மழை கொட்டி ஒரே வீச்சில் ஏரி நிரம்பியது. அதற்கு வால்ட்டரின் பெயர் வைத்தார்கள். அணைக்கு ஸ்க்ரிவனரின் பெயர்.

துணிப் படங்கள் இப்போது ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும் என்பதால் பெரும்பாலும் இருட்டில்தான். எப்போதாவது, சில வாரங்களுக்கு, வெளியே எடுப்பார்கள். 2013-இல் நகரத்தின் நூற்றாண்டுக்கு எடுத்தபோது அந்தக் கண்காட்சிக்கு அந்தப் பழைய எண்ணையே பெயராக வைத்தார்கள்.

அதே ஆண்டு ஐன்ஸ்லி மலையுச்சியில் உள்ள காட்சி மேடைக்கு மரியன் மஹோனி கிரிஃபின் பெயரைச் சூட்டினார்கள். 25,000 பேருக்கு என்று கேட்ட நகரத்தில் இப்போது 4 லட்சத்துக்கும் மேல். உச்சியில் நின்று தெற்கே பார்த்தால் மூன்று பலகங்களும் வரிசையாகத் தெரியும். உல்லாசத் தோட்டம் என்று குறித்திருந்த மலையடிவாரத்தில் போர் நினைவகம் நிற்கிறது. அதிலிருந்து நேர்க்கோடு, பிறகு நீர், நீருக்கு அப்பால் பழைய வெள்ளை நாடாளுமன்றம். அதற்கும் மேலே, மக்களுக்கென்று மரியன் தீட்டிய கோபுரத்தின் இடத்தில், 1988-இல் புதிய நாடாளுமன்றம் வந்தது. அந்தக் கட்டடத்தைக் குன்றுக்குள் புதைத்துக் கூரையில் புல் வளர்த்திருக்கிறார்கள். அதன் மேல் நிற்பது 81 மீட்டர் கொடிமரம். கீழே கட்டடம் இருக்கிறது என்பதே மலையிலிருந்து பார்க்கும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை. புல்லும் கொடியும்தான் தெரிகின்றன.